மெயின் இறங்குவதற்கு முன்

"ஒரு நாள்னா மறதின்னு விட்டுருவேன். வாரம் பூரா கடைசி லாட்டுகள மட்டும் காணோம்னா என்னம்மா அர்த்தம்? நாலு மணி பஸ்ஸப் பிடிக்க ஓடுத. அதான அர்த்தம்?"

முதலாளி காசிராஜன் கத்தியது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இராஜபாளையத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பதிவு மெகராஜ் பேகத்தின் வேலை. கிருமி போக நீராவியில் வெந்து இறங்கும் ஒவ்வொரு லாட் துணிக்கும் எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்று அவள் பதிய வேண்டும். பதிவு இல்லாத லாட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. ஏற்ற வந்த லாரி வாசலில் நின்றது. கடைசி லாட்டுகளுக்குப் பதிவே இல்லை.

"எல்லாத்தையும் போட்டேன் மொதலாளி. சேவ் ஆயிருச்சுன்னு ஸ்கிரீன்ல வந்த பொறவுதான் எந்திரிச்சேன்."

"அப்ப பாய்லர்காரன் குடுத்த சீட்டு எங்க?"

சூடும் நிமிஷமும் எழுதிய அந்தச் சீட்டுகள் இல்லை. சேவ் ஆனதும் அவற்றைக் கிழித்துக் கழிவுப் பஞ்சுச் சாக்கில் போடுவது அவள் வழக்கம். பதிந்த பிறகு சீட்டு எதற்கு?

அவள் பதிந்து முடித்ததும் தினமும் மெயின் சுவிட்ச் இறங்கும். ஷிப்ட் மாறும்போது தறிகளில் படிந்த பஞ்சைத் துடைப்பத்தால் தட்டுவார்கள். ஒரு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும் என்பதால் மொத்தக் கரண்டையும் நிறுத்திவிடுவார்கள். எலக்ட்ரீசியன் ஐயாதுரை மெயின் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு அவள் உட்காரும் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருப்பார். மெகராஜ் நாற்காலியை விட்டு எழுந்தால்தான் இறக்குவார். அந்தப் பிள்ளை வேலை கெடக்கூடாது என்று அவருக்கு அவ்வளவு அக்கறை.

பதிவெல்லாம் போய்ச் சேரும் சர்வரைப் போட்டுக் கொடுத்தது அவள் கணவன் சாகுல் ஹமீதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அவனை போன் போட்டு வரவழைத்தார் காசிராஜன். அவன் சர்வர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டினான். திரையைப் பார்த்தான். அவன் விரல்கள் சட்டென்று நின்றன. மெகராஜ் அதைப் பார்த்தாள்.

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

"கேட்டியா? உன் வீட்டுக்காரரே சொல்லுதாரு. நாளைக்குக் காலைல இத்தன பேரு முன்னாடியும், போடாமலே போட்டேன்னு பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டு வேலையப் பாரு. இல்லன்னா வராத."

அவன் ஸ்கூட்டரிலேயே அவள் வீட்டுக்குப் போனாள். வீட்டில் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்த வேகத்தில் ரசம் தரையில் சிந்தியது.

"சொல்லுங்க என்ஜினீயர் சார். அந்த ஸ்கிரீன்ல என்னத்தப் பாத்தீய?"

கோபம் இல்லாத நாளில் அவள் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

"சொன்னா கத்தக் கூடாது."

"கத்துவேன். சொல்லுங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "முந்தியெல்லாம் டிஸ்க்குல எழுதி முடிச்ச பொறவுதான் சர்வர் சேவ்னு சொல்லும். அதான் அம்புட்டு நேரம் ஆகும். போன வாரம் ஒரு செட்டிங்க மாத்துனேன். இப்ப நீ போட்டத மெமரியில வச்சுக்கிட்டு, உடனே சேவ் ஆயிருச்சுன்னு சொல்லிரும். செத்த நேரம் கழிச்சு மொத்தமாச் சேத்து டிஸ்க்குல எழுதும்."

"எழுதுறதுக்குள்ள கரண்டு போச்சுன்னா?"

"மெமரியில இருந்தது போயிரும்."

சேவ் என்று வந்ததும் தான் எழுந்தது, எழுந்ததும் ஐயாதுரை மெயினை இறக்கியது எல்லாம் அவள் கண்முன் ஓடின.

"எதுக்கு மாத்துனீய?"

"நீதான சொன்ன? சேவ் ஆகுறதுக்குள்ள பஸ் போயிருது, வீட்டுக்கு வந்து உங்ககூட உக்காந்து ஒரு டீ குடிக்க முடியலன்னு." அவன் குரல் இறங்கியது. "நீ சீக்கிரம் வரட்டும்னுதான் மெகரு."

ஒரு கணம் அவள் கை அவன் தோள் பக்கம் போனது. உடனே கோபம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"மாத்துனது எனக்காக. சரி. இன்னிக்கு வாய மூடிக்கிட்டு நின்னது யாருக்காக?"

"இன்னும் ரெண்டு மில்லுல சர்வர் போடப் பேசிக்கிட்டு இருக்கேன். இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா..."

"உங்க பேரு கெடக் கூடாது. எம் பேரு கெடலாம். பொய்க்காரின்னு அவரு சொல்லுதாரு, நீங்க பக்கத்துல நின்னு பாக்கீய!" அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் இன்னும் ஒரு கவளம்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. "ஒரு பாட்டம் திட்டு வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்குக்கூட நெஞ்சுல தெம்பில்ல."

காலையில் அவன் ஸ்கூட்டரை வெளியே எடுப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

கம்பெனியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்ததால் காசிராஜன் சத்தம் போட்டுத்தான் பேசினார். "என்னம்மா, சொல்லு. சரக்கு கெடக்கு."

மெகராஜ் சொல்லவில்லை. செட்டிங்கைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. ஆனால் அதை யார் சொல்ல வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் வரவில்லை என்றால் வேலையும் இல்லை; அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதிலும் அர்த்தம் இல்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. சாகுல் ஹமீது உள்ளே வந்து நேராக முதலாளி முன்னால் நின்றான்.

"நேத்து நாந்தான் பொய் சொன்னேன் மொதலாளி. தப்பு நான் மாத்துன செட்டிங்ல இருக்கு. ஒரு லாட்டப் போட்டுப் பாப்போம்."

மெகராஜ் உட்கார்ந்து ஒரு பொய் லாட்டைப் பதிந்தாள். சேவ் ஆகிவிட்டது என்று திரை சொன்னது. எழுந்தாள். ஐயாதுரை தயங்கினார்.

"இறக்குங்க அண்ணாச்சி. தெனமும் செய்யிறதுதான."

தறிகள் அடங்கின. மறுபடி கரண்டு வந்து, சர்வர் உயிர் பெற்று, பட்டியல் திறந்தபோது அந்த லாட் இல்லை.

காசிராஜன் சாகுல் மேல் பாய்ந்தார். "என்னய்யா தொழில் பண்ணுத? கரண்டு நிக்கிற எடம்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் மொதலாளி. ஆனா கரண்டு போனாலும் சர்வரு நிக்காம இருக்க யூ.பி.எஸ். இருந்துச்சு. பேட்டரி செத்துப்போச்சு, மாத்துங்கன்னு பொங்கலுக்கே சொன்னேன். இந்நேரம் மாத்தியிருப்பீயன்னு நெனச்சுட்டேன்."

"அத என்கிட்டயும் சொன்னாவ" என்றாள் மெகராஜ். "நானும் உங்ககிட்ட கேட்டேன். பாப்போம் பாப்போம்னீய."

காசிராஜன் கையை வீசினார். "சரி சரி. லாட்டெல்லாம் மறுபடி வேக வைங்க. போயி வேலையப் பாரும்மா."

"நேத்து இத்தன பேரு முன்னாடி சொன்னீய. இதையும் இவங்க முன்னாடியே சொல்லுங்க."

அவர் தாடையைத் தடவினார். "பேகம் மேல தப்பில்ல" என்று முனகினார்.

மடிப்பு மேசையில் இருந்து செல்லக்கனி குரல் கொடுத்தாள். "இன்னுங் கொஞ்சம் சத்தமா மொதலாளி."

"பேகம் மேல தப்பில்ல! போதுமா?"

அன்றே சாகுல் செட்டிங்கைப் பழையபடி மாற்றினான். சர்வர் மறுபடி ஆமை ஆனது. சாயந்தரம் கடைசி லாட்டைப் போட்டுவிட்டு, டிஸ்க் கரகரவென்று எழுதி முடிக்கும் வரை மெகராஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டுகளைக் கிழிக்காமல் மேசை டிராயரில் போட்டாள். பிறகுதான் எழுந்தாள்.

வாசலில் அவன் ஸ்கூட்டரோடு நின்றான். "ஏறு மெகரு. பஸ் போயிருச்சு."

"அடுத்த பஸ் வரும்."

வந்தது. செல்லக்கனிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். பஸ் ஊரைத் தாண்டியதும் செல்லக்கனி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, உன் வீட்டுக்காரரு பஸ்ஸுக்குப் பின்னாடியே வாராருட்டி. புகையெல்லாம் அவரு மூஞ்சியிலதான். பாவம், போயி ஒரு வார்த்த பேசேன்."

"வரட்டும்" என்றாள் மெகராஜ். "வீடு வரைக்கும் இப்படியே வரட்டும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், ஸ்கூட்டர் சத்தமும் பின்னால் வந்து நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.