கடைசியாக வருகிறவர் சுற்ற வேண்டும்

வானொலியின் வாயை அடைத்தவன் நான்தான். அதுவும் தேங்காய் எண்ணெயால்.

யுத்தத்தால் வன்னிக்குள் ரேடியோ பற்றரி வரத் தடை இருந்த காலம். விசுவமடுவில் எங்கள் வாசிகசாலை ரேடியோ ஒரு சைக்கிளை நம்பித்தான் உயிர் வாழ்ந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும். டைனமோ ஓடினால் ரேடியோ பேசும். அன்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நேயர்கள் வாதாடும் நிகழ்ச்சி. எல்லோரும் சமமா, இல்லையா என்பது தலைப்பு. சுற்றிக்கொண்டிருந்தவள் ராஜினி. அவள் கை நோகுமே, செயின் இலகுவாக ஓடட்டுமே என்று எண்ணெய் விட்டேன். மனம் இளகியதில் கையும் இளகிவிட்டது. எண்ணெய் டயரெல்லாம் தெறித்து, டைனமோ வழுக்கி, "எல்லோரும் சமம் என்பதில் எனக்கு..." என்றதோடு ரேடியோ படுத்துவிட்டது.

"அந்த மனுசனுக்கு என்ன எண்டு இனி ஆரைக் கேக்கிறது?" தலைவர் வீரகத்தி அண்ணை கதிரையிலிருந்து துள்ளினார். "தம்பி தில்லை, ஆர் உம்மை எண்ணெய் விடச் சொன்னது?"

சொன்னது என் நெஞ்சு. அதைச் சபையில் சொல்ல முடியுமா? என்னைக் கட்ட விருப்பமா என்று ராஜினியிடம் மாரி மழைக்கு முன்னரே கேட்டிருந்தேன். "பாப்பம்" என்றாள். மாரி போய், வெள்ளாமையும் வெட்டியாயிற்று. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசிகசாலையில் அவள் எங்களைப் போலத்தான் கதைப்பாள். தாயோடு மட்டும், தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த அவர்களின் மலைநாட்டுப் பேச்சு. நாங்கள் 'ஓம்' என்னும் இடத்தில் அவர்கள் 'ஆமா' என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு சிரிப்பு.

ரேடியோ இல்லாவிட்டால் என்ன, வாதத்தை நாங்களே தொடர்ந்தோம்.

"எங்கட வாசிகசாலையைப் பாருங்கோ," என்றார் அண்ணை. "யாழ்ப்பாணத்தால வந்தவன், மலைநாட்டால வந்தவன், ஆம்பிளை, பொம்பிளை எண்டு ஏதும் இருக்கோ? ஒரே சட்டம். கடைசியா வாறவர் சுத்த வேணும்."

அந்தச் சட்டத்தை எழுதியவன் செயலாளராகிய நான். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

டயரைப் பழந்துணியால் துடைத்தபடி ராஜினி கேட்டாள்: "போன கிழமை கடைசியா வந்தது ஆர், அண்ணை?"

"நீதான் பிள்ளை."

"அதுக்கு முதல்?"

"வீரம்மா." வீரம்மா அவளுடைய தாய்.

"அதுக்கும் முதல்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் டைனமோவைப் பார்த்தேன்.

"நானும் அம்மாவும் உங்கட தோட்டங்களில புல்லுப் பிடுங்கி, வீட்ட போய்ச் சோறாக்கி வைச்சிட்டு வாறம். அதுக்குள்ள நீங்கள் குளிச்சுத் திருநீறும் பூசிக்கொண்டு முன் கதிரையில இருக்கிறியள். சட்டம் நல்ல சட்டம்தான். எங்களை நல்லாத் தெரிஞ்ச சட்டம்."

வாசலில் நின்ற வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சட்டத்தைத் திருத்துவம்!" என்றேன் பாய்ந்து. "இனி முதல் வாறவர்தான் சுத்த வேணும்." சபை கைதட்டியது.

நீதியை நிலைநாட்டிய களைப்போடு வீட்டுக்குப் போய், அம்மா போட்டுத் தந்த தேத்தண்ணியை இருந்த இடத்திலிருந்தே வாங்கினேன். அடுப்படிக் கூரையில் சொருகியிருந்த தனிக் கோப்பை அப்போது கண்ணில் பட்டது. தோட்டத்துக்கு வரும் மலைநாட்டு ஆட்களுக்கென்று அம்மா வைத்திருப்பது. நெடுகக் கண்ட கோப்பைதான். அன்று பாதித் தேத்தண்ணியோடு எழுந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வாசிகசாலைக்குள் ஒரு குருவிகூட இல்லை. சனமெல்லாம் வேலிக்கு வெளியே. அண்ணை பூவரசடியில் குந்தி அறாத செருப்பு வாரை ஆராய்ந்தார். ஒருவர் காற்றுப் போகாத டயருக்குக் காற்றடித்தார். மற்றவர்கள் வானத்தில் மழை தேடினார்கள்.

"உள்ளுக்குப் போமன், தம்பி. நீர்தானே செயலாளர்."

"தலைவர் முன்னால போறதுதானே முறை, அண்ணை?"

"அப்ப இண்டைக்குத் தலைவரும் நீர்தான்!"

நான்தான் உள்ளே போனேன். நியாயத்துக்காக என்று சொல்ல ஆசை. உண்மையில், ராஜினி ரோட்டில் வருவதைக் கண்டுவிட்டேன்.

சுற்றச் சுற்ற ரேடியோ கனைத்துக்கொண்டு எழும்பியது. தாயும் மகளும் தோட்டத்து மண்ணோடு வந்தார்கள். வீரம்மா ஓரத்தில் இருந்தார். ராஜினி தலைவரின் கைபிடிக் கதிரையில் இருந்து காலையும் நீட்டினாள். பிறகுதான், "ஓ, தொடங்கியிட்டுதோ?" என்று மற்றவர்கள் ஒன்றுமறியாத முகத்தோடு நுழைந்தார்கள். அண்ணை தன் கதிரையைப் பார்த்தார். போய்ச் சுவரில் சாய்ந்தார்.

எனக்குத் தோள் கழன்றது. ரேடியோவில் யாரோ சமத்துவம் முழங்க, அந்தச் சத்தத்தின் மறைவில் மெல்லக் கேட்டேன்: "ராஜினி, நான் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லும். பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதையும்."

"உங்கட வீட்ட வந்தா எனக்கு எந்தக் கோப்பை?"

"கூரையில இருந்தது உடைஞ்சு போச்சு."

"ஆர் உடைச்சது?"

"நான்."

"கை தவறியோ?"

"இல்லை. இந்த முறை தவறேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் கை நின்றது. கையோடு ரேடியோவும் நின்றது. வாசிகசாலை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது.

ராஜினி குரலைத் தாழ்த்தவில்லை. தாயோடு பேசும் பேச்சிலேயே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"ஆமா, கட்டிக்கிறேன். நிறுத்தாம சுத்துங்க."