சரிவை விட்டு விலகிய அரை மணி

ஒன்றுமே நடக்கவில்லை. மெரினுக்கு அதுதான் பெருமை. கெண்ட்ராவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

திமிங்கல வேட்டைக்காரர்களின் தாய்க்கப்பலுக்குப் பின்பக்கம் ஒரு சரிவு உண்டு. ஈட்டிக் கப்பல்கள் கொல்லும் திமிங்கலத்தை அந்தச் சரிவு வழியாகத்தான் மேலே இழுத்துப் போட்டு வெட்ட முடியும். அந்த வாயை அடைத்துக்கொண்டு பின்னாலேயே ஒட்டி வந்தால் போதும். ஏற்ற முடியாததை எவனும் கொல்ல மாட்டான். வேட்டையைத் தடுக்க வந்த 'பெட்ரல்' கப்பலின் சுக்கானைப் பிடித்து அதைத்தான் மெரின் செய்துகொண்டிருந்தாள். பனிப்பாறைகள் மிதக்கும் தென்கடலில், அலை தூக்கித் தூக்கிப் போட, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அந்த இடத்தை விடாமல் காத்தாள். இரண்டு ஈட்டிக் கப்பல்களும் ஈட்டி எய்யும் பீரங்கிக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டுச் சும்மா சுற்றி வந்தன. ஒரு திமிங்கலம்கூடச் சாகவில்லை.

இந்தக் கப்பலில் நடப்பதையெல்லாம் படம்பிடித்து வாராவாரம் தொலைக்காட்சியில் தொடராகக் காட்ட லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்திருந்தவள் கெண்ட்ரா. அவளுக்கு எல்லோரும் செல்லம்தான்.

"செல்லம், ஒரு கப்பலோட முதுகையே எத்தன வாரம் காட்டுறது? பாக்குறவன் சேனல மாத்திட்டுப் போயிடுவான்."

"போகட்டுமே. திமிங்கலம் உயிரோட இருக்குல்ல?"

"உயிரோட இருக்குறத எவன் உக்காந்து பாப்பான்?"

கேமராக்காரன் சிரித்தான். மெரினுக்குச் சிரிப்பு வரவில்லை.

கேப்டன் டெஸ்மண்ட் ஒரு காலத்தில் நல்ல மனுஷர்தான். ஈட்டிக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே ரப்பர் படகில் போய் நின்றவர். அவரை நம்பித்தான் மெரின் ஹோபார்ட் துறைமுகத்து இழுவைக் கப்பல் வேலையை உதறிவிட்டு வந்தாள். தொடர் வந்த பிறகு, தாடியைச் சீவாமல் மனுஷர் சுக்கான் அறைக்குள் கால் வைப்பதில்லை. வெளிச்சம் சரியில்லை என்று கெண்ட்ரா சொன்னால், பட்ட கோபத்தையே இன்னொரு தடவை படுகிறார்.

அன்று மத்தியானம் அவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"மெரின், வேகத்தக் குறைச்சு இடது பக்கம் திருப்பு. ரப்பர் படகுங்கள எறக்கணும்."

"எதுக்கு கேப்டன்?"

"ஈட்டிக் கப்பல் மேல நாத்தக் குப்பி வீசப் போறோம். அரை மணி நேரந்தான்."

"சரிவ விட்டுட்டா? அவனுங்க இதுக்குத்தான காத்துக்கிட்டு கெடக்கானுங்க!"

"புரிஞ்சுக்கம்மா. தொடர் காசு நின்னா கப்பலும் நின்னுடும். அடுத்த வருஷம் நீயும் நானும் கரையில உக்காந்து ஈ ஓட்டணும்."

"அடுத்த வருஷத்துக்காக இன்னைக்கி இருக்குறத சாகக் குடுக்கணுமா?"

"இது உத்தரவு."

"பிரமாதம் கேப்டன்!" பின்னாலிருந்து கெண்ட்ரா கூவினாள். "அந்த 'உத்தரவு' மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். வெட்கமே இல்லாமல் திரும்பி நின்று சொன்னார்.

நடுக்கடலில் கேப்டன் பேச்சை மீறிப் பழகாத கை மெரினுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். படகுகள் இறங்கின. குப்பிகள் பறந்தன. அழுகிய வெண்ணெய் வாடை காற்றில் அடித்தது. வீசியவர்கள் ஊளையிட்டார்கள், கேமரா மகிழ்ந்தது. ஒரு ஈட்டிக் கப்பல் மேல் இவர்கள் வீசிக்கொண்டிருந்தபோதே இன்னொன்று தார்ப்பாயை உருவியது.

வெடிச்சத்தம் கேட்டது.

ஈட்டி பாய்ந்த திமிங்கலம் உடனே சாகவில்லை. கயிற்றோடு முங்கியது, மேலே வந்தது, சிவப்பாக மூச்சு விட்டது, மறுபடி முங்கியது. அலையில் கிடக்கும் படகுகளை விட்டுவிட்டு மெரினால் நகர முடியவில்லை. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பெட்ரல் திரும்பி வந்தபோது, வாலில் கட்டிய திமிங்கலம் சரிவில் ஏறிப் போயிருந்தது. அந்தச் சரிவு வழியாக ரத்தம் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"மெரின் செல்லம், இப்ப உன் மனசுல என்ன ஓடுது? கேமராவப் பாத்துச் சொல்லு."

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கெண்ட்ராவையும் கேப்டனையும் பார்த்து விரலை நீட்டினாள்.

"நீங்கதான் கொன்னீங்க! ரெண்டு பேரும் சேந்து கொன்னீங்க!" அடிவயிற்றிலிருந்து வந்த குரல் பாதியில் உடைந்தது. கேப்டனின் கண் கலங்கியது. கேமரா அவர் பக்கம் திரும்பியது.

ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் கரை சேரும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்.

ஊர் பார்த்தது. ஹோபார்ட்டில் பெரிய அரங்கம் பிடித்து, அவள் கடலில் இருந்தபோதே தொலைக்காட்சியில் வந்துவிட்ட அந்த வாரத் தொடரைத் திரையில் போட்டார்கள். முதலில் திமிங்கலம் செத்தது. அதற்குப் பழிவாங்கத்தான் கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பி உத்தரவிட்டாராம், அதற்கப்புறம்தான் குப்பிகள் பறந்தனவாம். சரிவை விட்டு விலகியதைப் பற்றி மூச்சு இல்லை. பிறகு மெரினின் முகம் திரை முழுக்க வந்தது. "நீங்கதான் கொன்னீங்க!" விரல் நீண்டது. விரலுக்கு அந்தப் பக்கம், பீரங்கியைத் துடைத்துக்கொண்டு ஒரு வேட்டைக்காரன் நின்றான். 'ரெண்டு பேரும்' என்பதை நறுக்கி எறிந்திருந்தார்கள். அடுத்து, கண் கலங்கிய கேப்டன்.

அரங்கமே விம்மியது. பாதிப் பேர் போட்டிருந்த பனியனில் அவள் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகள் அச்சாகியிருந்தன. பக்கத்து இருக்கைப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மக தெனமும் உன்ன மாதிரியே சொல்லிக் காட்டுறா" என்றாள்.

விளக்குகள் எரிந்தன. கேப்டனும் கெண்ட்ராவும் கைகோத்துக்கொண்டு மேடையேறினார்கள். மெரினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள். மேடையில் நின்ற இருவரையும் பார்த்து, கடலில் நீட்டிய அதே விரலை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நீங்கதான் கொன்னீங்க!"

கேப்டன் கெண்ட்ராவின் கையை விட்டுவிட்டார். பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. விசில் பறந்தது. கெண்ட்ரா மேடையிலிருந்தே கேமராக்காரனுக்குச் சைகை காட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும்!" என்று மெரின் கத்தினாள். "உங்களத்தான் சொல்றேன்!" கைதட்டலில் அது அவள் காதிலேயே விழவில்லை.

பின்வரிசையிலிருந்து எவனோ வாயில் கைகுவித்துக் கூவினான்.

"ஒன்ஸ் மோர்!"