பத்து நிமிடத்துக்கு மட்டும்

பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்க நாங்களே கூலி கொடுத்து அமர்த்திய திருடன் திங்கட்கிழமை காலை எங்கள் சீஸ் கம்பெனிக்குள் நுழைந்தான். வரவேற்பு மேஜைக்காரியின் கணினிக் கணக்கை மட்டும் அவனிடம் கொடுத்திருந்தோம். விடுப்பு எழுதவும் கேன்டீன் மெனு பார்க்கவும் உதவும் கணக்கு. நாற்பதே நிமிடத்தில் அவன் எல்லாக் கணினிகளுக்கும் எஜமானன் ஆகிவிட்டான். பாதுகாப்புக்குப் பொறுப்பு நான். விஸ்கான்சின் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ஓட்டை எங்கே என்றும் அவனே காட்டினான். பார்சல் பிரிவின் லேபிள் பிரின்டர் தினமும் மக்கர் பண்ணும். அதை எழுப்ப வெண்டல் ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்திருந்தான். அங்கே வேலை பார்க்கும் பிர்கிட் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அது உச்ச அதிகாரத்தோடு ஓடி வேலையை முடிக்கும். ஆனால் அந்த புரோகிராம் கிடந்த ஃபோல்டர், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடந்தது. திருடன் அதில் தன் இரண்டு வரியைச் சேர்த்தான். பிர்கிட் வழக்கம்போலப் பட்டனைத் தட்டினாள். அவ்வளவுதான், அந்த இரண்டு வரியும் உச்ச அதிகாரத்தோடு ஓடிவிட்டன.

வெண்டல் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். பதினாறு வருடமாக நானும் அவனும் எலியும் பூனையும். யாரிடமும் பெரிய அதிகாரம் நிரந்தரமாக இருக்கக்கூடாது, காரணமும் நேரமும் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் கத்துவேன். "சமையக்காரன் கத்திக்கு மனு போடணுமா?" என்பான் அவன்.

புது இயக்குநர் ஹால்வர்சன் சுருக்கமாகச் சொன்னார். "ஃபோல்டரத் திறந்து வச்சது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும், லோர்னா. அவர் இங்க இருக்கப் போறதில்ல."

மறுநாள் வெண்டல் என்னிடம் வந்தான். "என் புரோகிராம், என் ஃபோல்டர். என் பேரையே எழுது."

அங்கேதான் எனக்கு இடித்தது. கோட்டின் மேல் காரை நிறுத்திவிட்டு, கோடுதான் கோணல் என்று சாதிக்கிற ஆள் அவன். தப்பை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வானா?

சர்வரில் எதைத் தொட்டாலும் ஒரு டிக்கெட் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். பழையவற்றைத் தோண்டினேன். பதினொரு வருடத்துக்கு முன், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தின நாள் போட்ட டிக்கெட் கிடைத்தது. 'லேபிள் ஃபோல்டர் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பத்து நிமிடத்துக்கு மட்டும்.' கீழே என் பெயர்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று அவன் மனைவி ஐரீனுக்கு இதய ஆபரேஷன். லேபிள் ஓடாமல் லாரிகள் வரிசையில் நின்றன. கிளம்பி வரட்டுமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டான். வந்தால் காலை உடைப்பேன் என்றேன். ஃபோல்டரைத் திறந்துவிட்டு எப்படியோ சமாளித்தேன். மூட மறந்துவிட்டேன்.

டிக்கெட்டை அச்சடித்துக்கொண்டு அவன் மேஜைக்குப் போனேன். பையிலிருந்து சீஸ் துண்டுகளை எடுத்து மென்றுகொண்டிருந்தான்.

"இத நேத்தே பாத்துட்ட, இல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்குய்யா பொய்?"

"அன்னிக்கு நீ வராதேன்னுட்ட. மூணு நாள் ஐரீன் கைய விடாம உக்காந்திருந்தேன்." இன்னொரு துண்டை வாயில் போட்டான். "என்ன அனுப்பினா மீன் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். உன்ன அனுப்பினா நீ யாரத் திட்டுவ?"

இந்த ஆள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்போதும் "லூசாய்யா நீ" என்றுதான் வாயில் வந்தது.

நேராக ஹால்வர்சன் அறைக்குப் போய்க் காகிதத்தை நீட்டினேன்.

"நீங்களா?"

"நானேதான் சார்."

காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். "தானா வந்து சொன்னவங்கள அனுப்பிட்டா, அடுத்த ஓட்டைய எவனும் எங்கிட்ட சொல்லமாட்டான். இருங்க. ஆனா உங்க பெரிய அதிகாரமெல்லாம் இன்னியோட போச்சு. வேணுங்கறப்ப வெண்டல்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க."

அன்று மதியமே கேட்க வேண்டி வந்தது. ஃபோல்டரை மூட வேண்டுமே. வெண்டல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"காரணம்?"

"உனக்குத் தெரியாதாக்கும்!"

"நீ போட்ட சட்டந்தான் அம்மணி. சொல்லணும்."

"நான் திறந்து வச்சத நானே மூடணும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

அவன் சிரிக்கவில்லை. நேரத்தைக் குறித்து அனுமதியைத் தட்டினான். "இந்தத் தடவ நீ மறந்தாலும் தானாப் பூட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, சீஸ் பையை என் பக்கம் தள்ளினான்.

ஆறு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. மீதி நான்கு நிமிடமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.