பாண்டித்துரையின் குறட்டை

பாண்டித்துரை பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் குறட்டை விட்டதில்லை. ஆனால் அவன் குறட்டையைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் சுந்தரபாண்டியபுரத்தில் கிடையாது. கல்யாண வீடுகளில் அவனோடு ஓர் அறையில் படுக்க மச்சினன்மார் பயந்தார்கள். தென்காசியில் அவன் வைத்திருக்கும் டயர் கடைக்கு வருகிறவர்கள்கூட "ரைஸ்மில் அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

குறட்டை அவன் மனைவி ஜெயசித்ராவுடையது. பதினெட்டு வருஷத்துக்கு முன், கல்யாணமான மூன்றாம் நாள் காலையில், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இட்லிக்கு உட்கார்ந்திருந்தபோது, "ராத்திரி யாருய்யா மில்லு ஓட்டுனது?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். புதுப்பெண் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். "நாந்தான் சித்தப்பா" என்று பாண்டித்துரை முந்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தூங்குகிறவளுக்குத் தன் குறட்டை கேட்குமா? அன்றைக்கு நம்பியவள் இன்றுவரை நம்புகிறாள். இரவெல்லாம் விழித்துக் கிடந்தவன் மதியம் கடையில் கண்ணயர்ந்தால், அதையும் ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது. ஒரு பொய்யை இத்தனை பேர் சேர்ந்து ஊட்டி வளர்த்தால், பெற்றவன் என்னதான் செய்வான்?

ஜெயசித்ரா போக்குவரத்துப் போலீசில் ஏட்டு. சீசன் வந்தால் குற்றாலம் சாலையில் நாள் முழுக்கக் கையை உயர்த்தியபடி நிற்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி திரும்பும் இடத்தில் ஒரு வேனை நிறுத்தக் கை காட்டினாள். கை தானாகத் தணிந்துவிட்டது. போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். ஈரத்துண்டோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் அலறியடித்து ஒதுங்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"கை ஏம் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் உங்க கொறட்டையாலதான். காலையில எந்திரிச்சா தூங்குன மாதிரியே இல்ல. நீங்க டாக்டர்ட்ட வந்தே ஆவணும்."

"வாரேன்" என்றான் பாண்டித்துரை. வேறென்ன சொல்ல?

அப்படித்தான் இருவரும் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஜெயசித்ரா சொன்னதையெல்லாம் டாக்டர் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அவனுக்குத் தூக்கப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வரும்போது பிசியோதெரபிஸ்ட் ரெபேக்காள் அவர்களைப் பிடித்துக்கொண்டாள். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்குக் கையின் வேலைத்திறன் எப்படி இருக்கிறது என்று அவள் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நோய் உள்ளவர்களும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களும் வேண்டும்.

"சார் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம். இன்னைக்குக் கையை மட்டும் அளந்துருவோம்" என்று சொல்லி, ஜெயசித்ராவுக்கான படிவத்தை எடுத்தாள். "மேடம், உங்களுக்குக் கொறட்டை உண்டா?"

"எனக்கா? இவங்க விடுததைக் கேக்கவே நேரம் சரியாருக்கு."

ரெபேக்காள் சிரித்தபடி அவன் பக்கம் திரும்பினாள். "பக்கத்துல படுக்கவங்கதான் சார் இதுக்குச் சாட்சி. மேடத்துக்குக் கொறட்டை இல்லல்லா? மூச்சு நின்னு நின்னு வருததும் இல்லையே?"

பாண்டித்துரை படிவத்தைப் பார்த்தான். ஒரு வருஷமாக அவளுக்கு அப்படித்தான் வருகிறது. சத்தம் திடீரென்று அறுந்துபோகும். அவன் காத்திருப்பான். வராது. தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிவிடுவான், ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். அலுப்பு என்றுதான் நினைத்திருந்தான். படிவத்தில் அச்சடித்துக் கேட்கிற அளவுக்கு அது ஒரு நோய் என்று யார் கண்டது?

"இல்ல" என்று வாய் சொல்லிவிட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம்.

சுவரில் ஒரு பலகை. அதில் தோள் உயரத்தில் இரண்டு கம்பிகள், அதற்குச் சற்று மேலே இரண்டு. கீழ்க்கம்பிகளில் தொங்கும் வளையங்களை இரண்டு கையாலும் எடுத்து மேலே மாட்ட வேண்டும், பிறகு மேலிருந்து கீழே. ஆறு நிமிஷத்தில் எத்தனை என்பதுதான் கணக்கு. பாண்டித்துரை முதலில் நின்றான். டயர் தூக்கிய கை, நிற்காமல் ஓடியது. "நோயாளி மாதிரியே தெரியலையே சார்!" என்று ரெபேக்காள் எண்ணிக்கையை இரண்டு தடவை பார்த்தாள்.

அடுத்து ஜெயசித்ரா. முதல் நிமிஷம் போலீஸ் வேகம்தான். மூன்றாவதில் முழங்கைகள் தணிந்தன. நான்காவதில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வளையம் நழுவி உருண்டு அவன் காலடியில் வந்து விழுந்தது.

"முடியலன்னா நிறுத்திருவோம் மேடம்."

"ஆறு நிமிசம்னா ஆறு நிமிசம்தான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. அடுத்த வளையம் கம்பி வரை எட்டவில்லை.

வளையத்தைக் குனிந்து எடுத்த பாண்டித்துரைக்கு அந்த வேன்தான் கண்ணில் வந்தது. அடுத்த தடவை அந்த வேன் அவள் மேலேயே ஏறினால்? ஏதோ ஒரு ராத்திரி அவன் அசந்து தூங்கி, தோளைத் தொட ஆளில்லாமல் போனால்?

"நிறுத்தும்மா" என்றான் ரெபேக்காளிடம். "அந்தப் பேப்பரைத் திருத்தணும். கொறட்டை விடுதது நான் இல்ல. இவதான். மூச்சும் நிக்குது. நாந்தான் திருப்பிப் போடுதேன்."

ரெபேக்காள் பேனாவோடு அப்படியே நின்றாள். ஜெயசித்ரா கைகளைத் தொங்கவிட்டுத் திரும்பினாள். அவனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பதினெட்டு வருசமாவா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"அப்ப நீங்க எப்பத்தான் தூங்குவீய?"

"மத்தியானம். கடையில."

அவள் கண் நிறைந்து வழிந்தது. "பாவி மனுசா, விசேச வீட்டுல எல்லாம் உங்களை வெளிய படுக்கச் சொல்லி வெரட்டுனேனே" என்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். அடியில் பலமே இல்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

ரெபேக்காள் வெள்ளிக்கிழமைப் பரிசோதனையை ஜெயசித்ரா பேருக்கு மாற்ற டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். "கை சரியாயிருமா?" என்று ஜெயசித்ரா கேட்டாள். "அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன் மேடம். மொதல்ல மூச்சைச் சரி பண்ணுவோம். பொறவு திரும்ப வந்து வளையம் மாட்டுங்க, பாப்போம்."

வராந்தாவுக்கு வந்ததும் ஜெயசித்ரா மாமியார் முருகம்மாளுக்குப் போன் போட்டாள். "அத்தே, கொறட்டை விடுதது நாந்தானாம். உங்க பிள்ளை இல்ல."

"தெரியும் தாயி" என்றாள் முருகம்மாள்.

"தெரியுமா?"

"இருவத்தெட்டு வருசம் ஏங்கண்ணு முன்னால தூங்குன பய. அத்தனை வருசத்துல ஒரு நா விட்டதில்ல. தாலி கட்டுன மூணாம் நாளு புதுசா வந்துருமாக்கும்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"அவன் ஒனக்காவச் சொன்ன பொய்யி. அதைப் பிடுங்க நான் யாரு? சரி, அந்தப் பயலை இன்னைக்காவது தூங்கச் சொல்லு."

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். சாரல் முகத்தில் அடித்தது. அவள் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நிமிர மனம் வரவில்லை. பஸ் தென்காசியைத் தாண்டுவதற்குள் கண் சொருகியது. கண்டக்டர் டிக்கெட், டிக்கெட் என்று கத்திக்கொண்டு வருவது எங்கேயோ கேட்டது. அதற்கு மேலே அவள் குரல், தணிவாக.

"அண்ணாச்சி, சத்தம் போடாதீய. இவங்க தூங்குதாங்க."