தாயின் பெயர் என்ற கட்டம்

கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பதிவேட்டு நகலில் பார்த்ததும் பிரேசில்காரர் வாக்னர் அழுதுவிட்டார். நுஹாத் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். லெபனானின் பெக்கா சமவெளியில், அந்த ஊர்த் தலைவரான முக்தாரிடம் அவள் எழுத்தர். பிறப்பு, கல்யாணம், சாவு எதற்கும் முக்தாரின் முத்திரை வேண்டும். முத்திரைக்கு முந்தைய எழுத்தெல்லாம் அவளுடையது.

"எனக்கு அரபி ஒரு வார்த்தை வராதே. லெபனான் குடியுரிமை குடுப்பாங்களா?" என்றார் வாக்னர்.

முக்தார் சாவோ பாவ்லோவில் பதினைந்து வருடம் துணிக்கடை வைத்திருந்தவர். வாக்னரின் பாஷையிலேயே பதில் சொன்னார். "பாஷையா கேக்கறாங்க? ஆம்பள வழி அறுபடாம வந்தாப் போதும். பிரேசில் பாஸ்போர்ட்டும் உங்ககிட்டயே இருக்கும். ரெண்டு வீட்லயும் விருந்து!"

நுஹாத்தும் சிரித்துவைத்தாள். அவள் மேசை இழுப்பறைக்குள் இன்னொரு படிவம் கிடந்தது. மகள் ஜுமானாவுக்கு ஒரு வயது நிறைய இன்னும் ஒன்பது நாள்தான். அதற்குள் பதியாவிட்டால் நீதிமன்றம், வக்கீல், வருடக்கணக்கு. பதிந்தாலும் என்ன? கணவன் ஃபௌவாஸ் இதே மண்ணில் பிறந்தவன்தான். அவன் தாத்தா அந்தக் காலத்துக் கணக்கெடுப்பில் விடுபட்டுப் போனார். அதனால் அவன் அட்டையில் நாடு இருக்க வேண்டிய இடத்தில் 'ஆய்வில் உள்ளது' என்றிருக்கும். மகளுக்கும் அதேதான் வரும். சட்டப்படி தாய் வழியாகக் குடியுரிமை வராது.

வாக்னர் போனதும் அண்ணன் மில்ஹிம் உள்ளே வந்தான். வெளியே வண்டியை அணைக்கவில்லை.

"மருத்துவச்சி கையெழுத்துப் போடறேன்னுட்டா. ஜுமானாவ எனக்கும் ஃபாத்தினுக்கும் பொறந்ததா எழுதிடலாம். காகிதத்துலதானே? பிள்ள உன் மடியிலதான் வளரும்."

"நாளைக்கு உனக்கும் அண்ணிக்கும் ஆகலைன்னா? எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போக அவங்களுக்கு உரிமை இருக்கும். எனக்கு இருக்காது."

"எம் பொண்டாட்டியப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசாத. உம் புருஷனே சரின்னுட்டான்."

சொன்னான்தான். நேற்று, சுவரைப் பார்த்துக்கொண்டு. "என்னை மாதிரி அவளும் சோதனைச் சாவடிக்குச் சாவடி கைகட்டி நிக்கவேணாம்."

அவள் படிவத்தை எடுத்தாள். தாயின் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஃபாத்தின் என்று எழுதினால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வெளிநாடு எல்லாம் திறக்கும். பிரசவத்தில் போட்ட வயிற்றுத் தையல் இன்னும் மழைநாளில் வலித்தது. அவள் தன் பெயரை எழுதினாள். தந்தை, ஃபௌவாஸ். நாடு, ஆய்வில் உள்ளது.

மில்ஹிம் எட்டிப் பார்த்தான். "பெரியவளாகி உன்னைத்தான் கேப்பா."

"கேக்கட்டும். அம்மான்னு கூப்பிட்டுக் கேக்கட்டும்."

வண்டி உறுமிப் போனது. முக்தார் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார். "காலைல போடட்டுமாம்மா?"

"இப்பவே போடுங்க ஹாஜி. காலைல எனக்குத் தைரியம் இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை ஃபௌவாஸிடம் நீட்டினாள். தன் பெயரின் மேல் விரலை வைத்தவன் எடுக்கவேயில்லை. "ஏன் இப்படிப் பண்ண?" என்றான். குரல் உடைந்திருந்தது. சரியாகச் செய்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் மடியிலிருந்த ஜுமானா சட்டென்று காகிதத்தைப் பற்றி, ஒரு மூலையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இழுத்தால் கிழிந்துவிடும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் பிடி தளரக் காத்திருந்தார்கள்.