கறுப்பு வெல்வெட்டும் எமில்டாவும்

"எமில்டா தன்ர கையாலயே மருமகளுக்குக் கறுப்பு உடுத்தி விடுவா. விட்டிட்டு நிண்டு அழகும் பாப்பா" என்று யேசுரட்ணம் அறிவித்தபோது, அவருடைய மேசையில் இருந்தவர்கள் மட்டுமல்ல, ஸ்காபரோவின் மில்லிக்கன் கோப்பிக்கடை முழுவதுமே சிரித்ததாம். பக்கத்து மேசைச் சீனக் கிழவர்களும் வயிற்றைப் பிடித்தார்களாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று கேட்டால், அவ்வளவு பெரிய பகிடி என்பார் யேசுரட்ணம். ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எந்த உண்மையையும் அவர் சீனி தூவாமல் பரிமாறியதில்லை.

மறுத்துப் பேசியவர் ஒருவர்தான்: அவருடைய மனைவி எமில்டாவின் தம்பி றெமிஜியஸ்.

"அத்தான், ஒன்ராறியோ ஏரி வத்தும். அக்கான்ர பிடிவாதம் வத்தாது."

விசயம் இதுதான். யேசுரட்ணத்தின் ஒரே மகன் கிளிபோட் கட்டப்போகும் செலீன், போர்னியோத் தீவில் சபாவைச் சேர்ந்த டூசுன் இனப் பெண். ஞாயிறு பூசை தவறவிடாத கத்தோலிக்கப் பிள்ளை என்பதால் எமில்டாவுக்கு அவளில் ஒரு குறையும் இல்லை, உடுப்பைத் தவிர. டூசுன் பெண்களுக்கு விசேஷ உடுப்பென்றால் கறுப்பு வெல்வெட், ஓரமெல்லாம் பொன் சரிகை. செலீனின் தாய் அதைத் தன் கையால் தைத்து, தன்னுடைய இடுப்பணிகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார். தாய்க்கு விசா கிடைக்கவில்லை. உடுப்புத்தான் வந்து சேர்ந்தது.

கறுப்பு பெரிய வெள்ளிக்கும் செத்தவீட்டுக்கும் உரியது, அந்த உடுப்போடு பெண் வந்தால் தான் கோயில் படியே மிதிக்கமாட்டேன் என்று எமில்டா சொல்லிவிட்டார். கிளிபோட் சாப்பாட்டை விட்டான். தகப்பனின் கணக்கில் அவன் பாதி ஆளாகிவிட்டான். செலீன் மட்டும் சத்தம் போடாமல் போய் ஒரு வெள்ளைக் கவுன் வாடகைக்கு எடுத்து வந்தாள்.

கல்யாணக் காலை, இங்கே சொந்தக்காரர் இல்லாத செலீன் யேசுரட்ணம் வீட்டு மேலறையிலேயே உடுத்தி வெளிக்கிட்டாள். வெள்ளைக் கவுன் கதவில் தொங்கியது. ஆனால் அவள் முதலில் உடுத்தது கறுப்பை. அம்மாவுக்கு ஒருதரம் காட்டிவிட்டுக் கழற்றிவிடுவதாகச் சொல்லி மாமனாரிடம் அனுமதி கேட்டாள். சபாவில் அப்போது இரவு. கைபேசியைத் தூக்கிப்பிடிக்கும் உத்தியோகம் யேசுரட்ணத்துக்குக் கிடைத்தது.

பழைய வெள்ளிக்காசுகளைக் கோத்த பட்டியை ஹிம்போகோட் என்றாள் செலீன். பித்தளை வளையங்களை வரிசையாகக் கோத்த மற்றது தங்கோங். இரண்டையும் தனியாள் பின்பக்கம் மாட்டுவது லேசில்லை. காசுகள் ஒருபக்கம் சரிந்தன. இழுத்தாள், மறுபக்கம் சரிந்தன.

அறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற எமில்டாவின் கண் மட்டும் திரும்பவில்லை. ஸ்காபரோவில் அவர் உடுத்தி வெளிக்கிடுத்திய மணப்பெண்களை வரிசையில் விட்டால் மோர்னிங்சைட் வீதி வரை நீளும் என்பார் யேசுரட்ணம். கோணலாகக் கிடக்கும் நகை எமில்டாவுக்குச் சோற்றில் கடிபட்ட கல்.

"உது கோணலாக் கிடக்கு" என்றார். பிறகு, "நில்லு பிள்ளை, ஆடாதை" என்று உள்ளே வந்துவிட்டார்.

இடுப்பில் கட்டுவதென்றால் ஒட்டியாணந்தானே என்று காசுப்பட்டியை மேலே ஏற்றி இறுக்கினார். கைபேசிக்குள்ளிருந்து தாய் பதறினார். எமில்டா கைபேசியைப் பார்த்துத் தமிழிலேயே நியாயம் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து டூசுன் மொழியில் பதில் வந்தது. கிளிபோட்டிடம் தமிழ் பழகியிருந்த செலீன் மொழிபெயர்க்க வாயெடுத்தாள், இரண்டு தாய்மாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா எழும்பி நின்று, தன் இரு கைகளையும் இடுப்புக்குக் கீழே தொடைமூட்டில் வைத்துக் காட்டினார்.

"ஓ, அங்கயோ" என்றார் எமில்டா.

பட்டியைத் தளர்த்திக் கீழே இறக்கினார். அதற்கு மேலும் கீழும் இடம் பார்த்துப் பித்தளை வளையங்களையும் இருத்தினார். அவை ஒன்றோடொன்று தட்டி அமர்ந்த சத்தத்தில் ஸ்டீல்ஸ் வீதியில் பஸ் நின்றதாக யேசுரட்ணம் சொல்வதை விட்டுவிடலாம். எமில்டா பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார், அதுதான் உண்மை. கறுப்பின் மேல் வெள்ளியும் பித்தளையும் விளக்கேற்றியதுபோல் இருந்தன. கைபேசிக்குள் தாய் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

செலீன் மெல்லக் கொக்கியில் கை வைத்தாள். "அம்மா பாத்திட்டா அன்ரி. இனி கழட்டுறன்."

எமில்டா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இவ்வளவு பாடுபட்டுக் கட்டினது கழட்டவோ? கோயிலுக்கும் இதோடதான் வாறாய் எண்டு அம்மாக்குச் சொல்லு."

இந்தமுறை மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. செலீன் கைபேசிப் பக்கம் திரும்பி அம்மாவுக்குச் சொன்னாள்.

பெண்ணைக் காரில் ஏற்ற வந்திருந்த றெமிஜியஸ், அக்கா அறைக்குள் நுழைந்தபோதே அவசரப்படுத்த மேலே வந்தவர், திறந்த கதவால் எல்லாவற்றையும் பார்த்தபடி படியிலேயே நின்றிருந்தார்.

கோயில் வாசலில் எமில்டாவின் ஒன்றுவிட்ட தங்கை தவமணி காத்திருந்தார். நல்ல நாளில் அந்தப் பிள்ளைக்குக் கறுப்பை மாட்டிவிட்டது ஆர் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி கேட்டார். யேசுரட்ணம் நெஞ்சை நிமிர்த்தி, பஸ் நின்றதையும் சேர்த்து, முழுக்கதையும் எடுத்துவிட்டார்.

"நீங்கள் சொன்னா ஆர் அத்தான் நம்புறது?" என்று தவமணி றெமிஜியஸின் பக்கம் திரும்பினார்.

றெமிஜியஸ் கோயிலுக்குள் பார்த்தார். பீடத்தருகே மணமக்கள். முன்வரிசையில் எமில்டா, சபாவிலிருந்து பார்க்கும் சம்பந்திக்குத் தெரியட்டுமென்று கைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி.

"நடவாது எண்டுதான் நானும் அத்தானோட வாதாடினனான்" என்றார். "ஆனா பஸ்ஸை விட்டிட்டு மிச்சமெல்லாம் நடந்தது. அக்காதான் கட்டி விட்டவ. நான் என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தன்."