அக்காவின் பாதி

தாவுஸ் இரும்புச் சீப்பை ஓங்கி ஊடை நூலில் அடித்தாள். உள்ளறையில் இறந்துபோன அவளுடைய மூத்த ஓரகத்தி பீபிஜமாலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் தொழுகைக்குள் எடுத்துவிடுவார்கள். தறியில் கம்பளம் இன்னும் இரண்டு விரல் அகலம் நெய்யாமல் கிடந்தது.

இதைத்தான் தன்மேல் போர்த்தித் தூக்கிப் போகவேண்டும், பிறகு மசூதிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பீபிஜமால் சொல்லிவைத்திருந்தாள். இடப்பாதி அவள் நெய்தது, வலப்பாதி தாவுஸ் நெய்தது. இத்தனை வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தும், அந்த மனுஷி ஒரு நாள்கூட இவளை மெச்சியதில்லை. செத்தவளிடமும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பக்கத்து வீட்டு ஸோனா எட்டிப் பார்த்தாள். நேரமாகிறது, வீட்டில் வேறு கம்பளமா இல்லை என்றாள்.

"அவ கேட்டது இதுதாங்க்கா."

வரிசையில் தன் பக்கத்தை முடித்துவிட்டு, முதன்முறையாக அக்கா பீபிஜமாலின் இடத்துக்கு நகர்ந்தாள். கணக்குப் பிடிக்க, அங்கே நெய்திருந்த பூவை விரலால் எண்ணினாள். ஓர் இதழில் ஒரு முடிச்சு குறைந்தது. மறுபடி எண்ணினாள். கண்ணை மூடிக்கொண்டு நெய்தாலும் பீபிஜமாலுக்குக் கணக்குத் தப்பாது.

வலப்பக்கம் எண்ணினாள். அதே இதழ், அதே குறை. அது தன் தவறு. தப்பிவிட்டதோ என்று அன்றைக்கே பயந்திருந்தாள். அக்கா அன்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, தன் பக்கம் குனிந்துகொண்டாள்.

தாவுஸ் கீழே கீழே தேடினாள். தான் சறுக்கிய இடத்திலெல்லாம் அக்காவும் வேண்டுமென்றே சறுக்கியிருந்தாள். இரண்டும் ஜோடி சேர்ந்து, கோலமே அப்படித்தான் என்றாகியிருந்தது. இவ்வளவு பெரிய மனசுக்குப் பக்கத்திலா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று தாவுஸ் மலைத்துப்போனாள்.

சற்றுமுன் முடித்த தன் வரிசையைப் பார்த்தாள். கோபத்தில் அங்கேயும் ஒரு முடிச்சு விட்டிருந்தது. பிரிக்கக் கத்தியை எடுத்தவள் கீழே வைத்தாள். அக்காவின் பக்கத்திலும் ஒரு முடிச்சைக் குறைத்துப் போட்டாள். பிறகு கை நிற்கவேயில்லை.

பாங்கு சொல்லும்போது கம்பளத்தைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாள். அவசரத்தில் தலைமாடு கால்மாடு பார்க்காமல் போர்த்தி, ஆண்கள் அவளைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

"இதுல உன் பாதி எதுடி?" என்றாள் ஸோனா.

தாவுஸ் உற்றுப் பார்த்தாள்.

"தெரியலக்கா."

நான்கு தோள்களின் மேல் அந்தச் சிவப்புக் கம்பளம் தெருமுனையில் திரும்பியது.